65 வயதில் அறிமுகம்: மாக்டா ஒலிவேரோவின் மூச்சு

[திரையில்: நியூயார்க், மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கம், 1975 ஏப்ரல் 3]

இன்றைக்கு இந்த மேடையில் ஒரு பாடகி அறிமுகமாகிறார். புச்சினியின் ‘டோஸ்கா’ என்ற ஓபராவில், அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகத்தில், கதாநாயகி டோஸ்காவே இவர்தான். வயது? 65. ஒன்பது நாளுக்கு முன்னால்தான் பிறந்தநாள் போனது. பெயர் மாக்டா ஒலிவேரோ, இத்தாலிக்காரர்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் அந்த அரங்கத்தைப் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட 3,800 இருக்கைகள், முன்னால் முழு ஆர்கெஸ்ட்ரா, மைக் கிடையாது. அதற்குள் டோஸ்கா காதலிக்க வேண்டும், பொறாமைப்பட வேண்டும், ஒருவனைக் கத்தியால் குத்த வேண்டும், கடைசியில் கோட்டை மதிலிலிருந்து குதிக்க வேண்டும். இரண்டாம் அங்கத்தில் வரும் புகழ்பெற்ற பாட்டின் உச்ச ஸ்வரத்தில் குரல்நாண்கள் நொடிக்கு 930 தடவைக்கு மேல் அதிரும். சும்மா அதிர்ந்தால் போதாது, கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்.

[திரையில்: பழைய வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறை]

இதில் வேடிக்கை என்னவென்றால், இளம் வயதில் டூரின் வானொலியில் குரல் தேர்வுக்குப் போனபோது, இந்தப் பெண்ணுக்குக் குரலும் இல்லை, இசைஞானமும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் லூய்ஜி ஜெருஸ்ஸி என்ற ஆசிரியர் கிடைத்தார். அவர் தொடங்கிய இடம் பாட்டு இல்லை, மூச்சு.

சரி, நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள். இரண்டு கைகளையும் கீழ் விலாவில் வையுங்கள், நன்றாக மூச்சை இழுங்கள், இப்போது ‘ஸ்ஸ்ஸ்’ என்று மெதுவாக விடுங்கள். விலா உடனே உள்ளே விழுகிறதா? பெரும்பாலானவர்களுக்கு விழும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் சட்டென்று மேலே ஏறிவிடுகிறது, காற்று ஒரேயடியாகக் கொட்டிவிடுகிறது, அப்புறம் அந்த அழுத்தத்தைத் தொண்டை தாங்க வேண்டியிருக்கிறது. ஓபரா பாடகர் விலாவை விரித்தபடியே பிடித்துக்கொண்டு காற்றைச் சிக்கனமாகச் செலவழிப்பார். இத்தாலியர்கள் இதற்கு ‘அப்போஜ்ஜோ’ என்பார்கள், சாய்மானம் என்று அர்த்தம். சுமை தொண்டையில் ஏறாததால் குரல் சீக்கிரம் தேய்வதில்லை.

மாக்டா 1941-இல் கல்யாணம் ஆனதும் மேடையை விட்டுவிட்டார். பத்து வருஷம். அவரைத் திரும்ப இழுத்தவர் இசையமைப்பாளர் சிலேயா. தன் ‘அட்ரியானா லெகுவ்ரர்’ ஓபராவை மாக்டா இன்னொரு முறை பாடிக் கேட்க வேண்டும் என்பது அந்தக் கிழவரின் ஆசை. அவர் 1950 நவம்பரில் இறந்துபோனார், மாக்டா மேடையேறியது 1951-இல். சில மாத வித்தியாசத்தில் தவறிப்போனது. அந்த ஓபராவில் கதாநாயகி வந்ததும் பாடும் முதல் பாட்டில், என் குரல் வெறும் ஒரு மூச்சு, விடிந்தால் மறைந்துவிடும் என்ற பொருளில் ஒரு வரி உண்டு. அந்த வரியை யார் பாடினாலும் எனக்கு இவர் ஞாபகம்தான்.

அந்தப் பத்து வருஷ ஓய்வுதான் குரலைக் காப்பாற்றியது என்று சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது பாதி பதில்கூட இல்லை. திரும்பி வரும்போது வயது 40, அதற்கப்புறம் 30 வருஷம் பாடியிருக்கிறார், ஓய்வின் பலன் அவ்வளவு தூரமா தாங்கும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது கேட்டதும் மயங்குகிற குரல் இல்லை. கொஞ்சம் கூர்மையான, வேகமாக அதிரும் குரல், எனக்கே பழக நாளானது. ஸ்டூடியோவில் முழுதாகப் பதிவு செய்த ஓபராக்கள் இரண்டே இரண்டு: 1938-இல் ‘துராண்டோட்’, 1969-இல் ‘ஃபெடோரா’. மீதியில் நிறைய, ரசிகர்கள் அரங்கத்துக்குள் திருட்டுத்தனமாகப் பிடித்த டேப்புகள். இருமல், கைதட்டல், இரைச்சல் எல்லாம் சேர்ந்தே வரும். அந்த இரைச்சலுக்கு நடுவே ஓர் உச்ச ஸ்வரத்தை முழுக் குரலில் எடுத்து, அப்படியே நூல் மாதிரி மெலிய வைத்து, அறுந்துவிடும் என்று நாம் நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் இழுப்பார். அரங்கத்தில் ஒருத்தரும் இரும மாட்டார்கள்.

[திரையில்: 1993]

மேடை ஓபராவை 1981-இல் நிறுத்தினார். 1993-இல், 83 வயதில், ஒலிப்பதிவு அறைக்குள் போய் ‘அட்ரியானா’வின் சில பகுதிகளைப் பாடிவிட்டு வந்தார். இறந்தது 2014-இல், 104 வயதில். தேடிக் கேளுங்கள், முதலில் அந்த டேப்புகளில் ஒன்றை, ஹெட்போன் போட்டு.