பர்டூ கட்சிக்காரங்களே, வாங்க பேசுவோம்!

வணக்கம் மக்களே! பார்சல் வந்துடுச்சு. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்ல நம்ம நோட்டர் டேம் பல்கலைக்கழக டீம் 1943ல ஆடின மேட்ச்சோட புரோகிராம் புக்கு, அதோட மறுபதிப்பு. புக்கு 900 ரூபா, அனுப்புற கூலி 2,600! இருங்க, கிட்ட காட்டுறேன்... மூலை மடங்கியிருக்கு பாருங்க. 2,600 ரூபா வாங்கிட்டு ஒரு அட்டை வெச்சுக் கட்ட மனசு வரல. படுபாவிங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன வீடியோவுக்குக் கீழ ஒரே பர்டூ புராணம், அதான் அந்த இன்னொரு பல்கலைக்கழக டீம். "1943ல ஒன்பதுக்கு ஒன்பது ஜெயிச்ச பர்டூ, பத்திரிகைக்காரங்க ஓட்டுப் போடுற ஏபி தரவரிசைப் பட்டியல்ல 5வது, ஒண்ணு தோத்த நோட்டர் டேம் முதலிடமா?" ஆமாங்க, முதலிடம்தான்! அந்தப் பட்டியல்ல 2, 3, 4 யாரு? அயோவா ப்ரீ-ஃப்ளைட் (கடற்படை விமானிப் பயிற்சிப் பள்ளி டீம்), மிச்சிகன், நேவி (கடற்படை அகாடமி டீம்). மூணு பேரையும் அடிச்சது நோட்டர் டேம். மிச்சிகனை 35-12, நேவியை 33-6. அயோவா ப்ரீ-ஃப்ளைட்டை மட்டும் 14-13, உயிர் போய் உயிர் வந்துச்சு.

அதுவும் எப்படி? பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துற நம்ம குவார்ட்டர்பேக் பெர்ட்டெல்லி ஆறு மேட்ச்தான் ஆடினார். 36 பாஸ்ல 25 கரெக்டா போச்சு, அதுல பத்து டச்டவுன், அதாவது எதிரணி எல்லைக் கோட்டைத் தாண்டி எடுத்த ஸ்கோர். இரண்டாம் உலகப் போர் நேரம், உடனே மரைன்ஸ் படையில கூப்பிட்டாங்க, கிளம்பிட்டார். ஆறே மேட்ச்சுக்கு ஹெய்ஸ்மன், அதான் சிறந்த கல்லூரி வீரர் விருது! அவர் இடத்துல 18 வயசு லூஜாக். ஆரம்பத்துலேயே இறங்கின முதல் மேட்ச்சே ஆர்மியோட (ராணுவ அகாடமி டீம்), நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்துல. 26-0. இந்தப் பையனுக்கு நான் அடிமை, உங்களுக்கே தெரியும்.

ஐயோ, வி-12ன்னு போர்க்காலக் கடற்படைப் பயிற்சித் திட்டத்தைச் சொல்லாமப் போறேனே! கடற்படை தன்னோட பயிற்சிப் பசங்களைக் கல்லூரிக்கு அனுப்பி, ஆடவும் விட்டுச்சு. தரைப்படை, கல்லூரிகள்ல இருந்த தன்னோட பயிற்சிப் பசங்க ஆடக் கூடாதுன்னுடுச்சு. அதனாலதான் அலபாமா, டென்னஸியெல்லாம் அந்த வருஷம் டீமே இறக்கல. பர்டூ மட்டும் என்னவாம்? அவங்க ஆளுங்க புட்கோவிச், அகாசே ரெண்டு பேருமே அதுக்கு முந்தின வருஷம் இல்லினாய் பல்கலைக்கழகத்துல ஆடினவங்க, வி-12ல பர்டூவுக்கு வந்தவங்க!

நோட்டர் டேமோட கடைசி மேட்ச், கிரேட் லேக்ஸ் கடற்படைத் தளத்து டீமோட. முடியற நேரத்துல அவங்க ஒரு நீளப் பாஸ், 19-14, நாம தோத்துட்டோம். அதே கிரேட் லேக்ஸை பர்டூ 23-13ன்னு அடிச்சிருக்கு. சரி, அந்த ஒரு பாயிண்ட் உங்களுக்கு. வெச்சுக்கோங்க. மிச்சிகனோட பர்டூ அந்த வருஷம் ஆடவே இல்லையே, அதுக்கு என்ன சொல்றீங்க? கீழ எழுதுங்க, பார்ப்போம்.