தொட்டது எங்கே?

வணக்கம் நேயர்களே. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பயிற்சி தருபவர். கை நரம்பு அறுபட்டவர்கள், அக்கி ஆறியும் எரிச்சல் தீராதவர்கள், விபத்தில் கையை இழந்தவர்கள் என்று பலர் எங்களிடம் வருகிறார்கள். "புண் ஆறிடுச்சு, வலிதான் போகலை" என்பார்கள். சட்டை உரசினாலே எரியும். ஆனால் கண்ணை மூடச் சொல்லி அதே இடத்தைத் தொட்டால், எங்கே தொட்டோம் என்று சொல்லத் தடுமாறுவார்கள். வலி கூடுதல், உணர்வு குறைவு. இது எப்படி என்று கேட்டால், மூளைக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் டியாகோவில், முழங்கைக்கு மேலே கை துண்டான ஓர் இளைஞரைச் சோதித்தார். கண்ணைக் கட்டிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தைத் தொட்டார். "கன்னத்தில் படுகிறது, கூடவே என் கட்டைவிரலிலும் படுகிறது" என்றார் அவர். அந்தக் கட்டைவிரல்தான் இல்லையே! மேலுதட்டைத் தொட்டால் ஆள்காட்டி விரல். கீழ்த்தாடையைத் தொட்டால் சுண்டுவிரல். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை, ஒரு பஞ்சுக் குச்சி போதுமாக இருந்தது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

காரணம் இதுதான். உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையின் மேற்பரப்பில் ஓர் இடம் உண்டு. மான்ட்ரியலில் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையில் மெல்லிய மின்சாரம் கொடுத்து அந்த இடங்களைக் குறித்து வைத்தார். அதில் கைக்குப் பக்கத்து வீடு முகம். கையிலிருந்து செய்தி நின்றுபோனால், முகம் வேலியைத் தள்ளிப் போட்டுவிடுகிறது. 1995இல் ஜெர்மனியில் ஹெர்ட்டா ஃப்ளோர் குழு, இந்த இடமாற்றம் அதிகமாக இருந்தவர்களுக்கு இல்லாத கையின் வலியும் அதிகமாக இருந்ததைக் கண்டது. கையின் பழைய இடம் அப்படியே இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சில சொல்கின்றன. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

சரி, மாறியதை மறுபடி மாற்ற முடியுமா? அதே குழு 2001இல் செய்து காட்டியது. எஞ்சிய கைப்பகுதியில் மின்முனைகளை ஒட்டி, எந்த இடத்தில் அதிர்வு, எவ்வளவு வேகம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். தினம் ஒன்றரை மணி நேரம், இரண்டு வாரம். வலி குறைந்தது. மூளையின் இடமாற்றமும் குறைந்தது.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. தேய்ப்பது வேறு, கண்டுபிடிப்பது வேறு. வீட்டில் தைலம் போட்டுத் தேய்த்துவிடுகிறோம், மனம் டிவியில் இருக்கிறது. 2008இல் ஆஸ்திரேலியரான லோரிமர் மோஸ்லி குழுவின் ஆய்வில், சும்மா தொட்டபோது வலி குறையவில்லை. எங்கே தொட்டார்கள், தொட்டது பெரிய முனையா சின்ன முனையா என்று கவனித்துச் சொன்னபோதுதான் குறைந்தது. திரும்பச் சொல்கிறேன்: கவனம் வேண்டும், பதில் சொல்ல வேண்டும்.

நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்துச் செய்யும் கண்ணாடிப் பெட்டிப் பயிற்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். லேசாகத் தொட்டாலே துடிக்கும் இடத்தில் நீங்களாகத் தேய்க்கத் தொடங்க வேண்டாம், எங்கிருந்து தொடங்குவது என்று தெரபிஸ்ட்டைக் கேளுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் சுடுநீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது, சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். அப்புறம், நரம்பு வலிக்கான மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நன்றி, வணக்கம்.