சரக்கு மதிப்பீட்டாளர் நீதிபதியான கதை

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் மத்திய நீதிமன்றம் ஒன்றில் நீதிபதியான முதல் பெண் யார் என்று கேட்டால், சட்டம் படித்தவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். ஜெனவீவ் ரோஸ் கிளைன். வருடம் 1928. அவர் போய் உட்கார்ந்தது நியூயார்க்கில் இருந்த சுங்க நீதிமன்றத்தில். "என் சரக்குக்கு இவ்வளவு வரி போட்டது அநியாயம்" என்று இறக்குமதி வியாபாரிகள் வழக்குப் போடும் இடம் அது. 1980-இல் சட்டம் திருத்திப் பன்னாட்டு வர்த்தக நீதிமன்றம் என்று பெயர் மாற்றினார்கள்.

கிளைன் ஒஹாயோ மாநிலத்துக்காரர். மாதர் சங்கங்களில் ஓடியாடி வேலை செய்தவர். சட்டப் பட்டம் வாங்கியது 1921-இல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு. அடுத்த வருடமே ஜனாதிபதி ஹார்டிங் அவரைக் கிளீவ்லாந்து துறைமுகத்தில் சரக்கு மதிப்பீட்டாளர் ஆக்கினார்.

அந்த வேலை லேசானதில்லை. பெட்டியோடு வரும் விலைச்சீட்டில் வியாபாரி ஒரு தொகை போட்டிருப்பார். அது நிஜ விலைதானா, வரியைக் குறைக்கப் போட்ட விலையா என்று மதிப்பீட்டாளர்தான் பார்க்க வேண்டும். அவர் ஏற்றிச் சொன்னால் வியாபாரி சண்டைக்கு வருவார். அந்தச் சண்டை முற்றினால் போய்ச் சேரும் இடம் சுங்க நீதிமன்றம்.

இன்றும் அப்படித்தான். 2003-இல் இதே நீதிமன்றத்தின் நீதிபதி ஜூடித் பார்சிலே ஒரு தீர்ப்புச் சொன்னார். காமிக்ஸ் கதைகளில் வரும் எக்ஸ்-மென் நாயகர்களின் உருவங்கள் மனித பொம்மைகளா, வெறும் விளையாட்டுச் சாமான்களா என்பது வழக்கு. மனித உருவம் என்றால் அப்போது 12 சதவீத வரி, இல்லையென்றால் 6.8. அவை மனிதர்கள் அல்ல என்று முடிவானது. சிரிக்கிறீர்கள், வியாபாரிக்கு அது காசு.

சரி, கிளைனுக்கு வருவோம். 1928 மே மாதம் ஜனாதிபதி கூலிட்ஜ் அவர் பெயரை செனட்டுக்கு அனுப்பினார். பெண் என்பதை வைத்தே சில உறுப்பினர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள். அனுபவம் போதாது என்றும் சொன்னார்கள். துறைமுகத்தில் வருடக்கணக்காக இதே வேலையைச் செய்தவரைப் பார்த்து! பெண் வழக்கறிஞர்கள் அவர் பக்கம் நின்று வாதாடினார்கள். மே 25-ஆம் தேதி செனட் ஒப்புதல் கொடுத்தது. அப்புறம் 1953 வரை கால் நூற்றாண்டு அந்தப் பதவியில் இருந்தார்.

ஒரு சர்ச்சையும் உண்டு. இந்த நீதிமன்றத்துக்கு, மத்திய நீதிமன்றங்களைப் பற்றிச் சொல்லும் அரசியல் சாசனத்தின் மூன்றாவது பிரிவின்படி முழு அந்தஸ்து கிடைத்தது 1956-இல்தான். அதனால் 1934-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்த ஃப்ளாரன்ஸ் ஆலனையே முதல் பெண் என்று சொல்லலாம். சட்டக் கணக்கில் அது நியாயம்தான். ஆனால் 1928-இல் கிளைனைத் தடுக்கப் பார்த்த செனட்டர்கள் அந்த வித்தியாசத்தையெல்லாம் பார்க்கவில்லை.