கடலடியில் ரோமானியச் சாடிகள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய மீனவர் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, என் நேரத்தையும் சேர்த்துப் பேசி முடித்த வழக்கறிஞர் அண்ணன் அவர்களே, வணக்கம்.

சாடியை எடுத்த விதம், சாடியின் முத்திரைகள், எடுத்தபின் காப்பது என மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பார்கள். இத்தாலியில் அல்பெங்கா என்றொரு கடற்கரை ஊர். 1925-இல் அங்கே ஒரு மீனவர் வலையில், கடலில் மூழ்கிக் கிடந்த பழைய ரோமானியக் கப்பலின் மதுச்சாடிகள் சிக்கின. கவனியுங்கள், கண்டுபிடித்தது பேராசிரியர் அல்ல, மீனவர்! (கைதட்டல்) 1950-இல்தான் லம்போல்யா என்ற தொல்லியல் அறிஞர் வந்தார். யாரோடு? மூழ்கிப்போன ‘ஈஜிப்ட்’ கப்பலின் தங்கத்தைக் கடலடியிலிருந்து அள்ளிய நிறுவனத்தின் ‘ஆர்திலியோ’ கப்பலோடு! இரும்புக் கூண்டுக்குள் ஒருவரை உட்காரவைத்துச் சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினார்கள். அவர் தொலைபேசியில் “இடது பக்கம், இன்னும் கொஞ்சம் கீழே” என்று சொல்லச் சொல்ல, மேலிருந்து கிரேனின் இரும்புக்கை இறங்கி அள்ளியது. தங்கத்துக்குச் சரி. மண்பாண்டத்துக்கு? 700-க்கு மேல் சாடிகள் வந்தன, பல நொறுங்கின. அந்த ரோமானியக் கப்பலின் மரமும் சிதைந்தது. எந்தச் சாடி எதன்மேல் இருந்தது என்ற கணக்கே போயிற்று. பைன் காயால் வாயடைத்த சாடிகள் ஐயா, ஈராயிரம் ஆண்டு தாங்கியவை!

ஆழம் தெரியாமல் காலை விட்டதுதான். ஆனால் அதே லம்போல்யா 1958-இல் இத்தாலியின் ஸ்பார்ஜி தீவருகே கட்டம் கட்டமாக அளந்து வேலை செய்தார். அவரை நான் மதிக்கிறேன்.

நம் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் என்ற தொல்லியல் அறிஞர் தோண்டியெடுத்த ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் கப்பலேறி வந்தவைதான். நாளை நம் வலையில் பழைய ஓடு சிக்கினால் என்ன செய்வோம்? வெயிலில் காயவைப்போம். உள்ளே ஊறிய உப்பு பூத்து, மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இதற்கும்தான். ஈரம் காயாமல் வைத்து, நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி மாதக்கணக்கில் ஊறவைக்க வேண்டும்.

ஆகவே மீன் இறங்குதளத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி, எங்கே சிக்கியது என்று எழுத ஒரு பதிவேடு, கொண்டுவந்த மீனவருக்குச் சன்மானம். இவற்றைத்தான் எல்லா மேடையிலும் கேட்கிறேன். முத்திரைகள் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மனு வாசலில் இருக்கிறது. செயலாளர் முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.