ரேஸிங் ஸ்கூல்ல என்ன சொல்லித் தர்றாங்க? முதல்ல பிரேக்!

[திரையில்: செட்டிபாளையம் டிராக், மேலிருந்து]

சேலத்துல இருந்து கார் ரேஸ் கத்துக்கக் கிளம்பினா, பக்கத்துல இருக்கிற டிராக்குகள்ல ஒண்ணு கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 எஞ்சினை வெச்சே ஃபார்முலா கார் (ஒத்தை சீட் ரேஸ் கார்) கட்டின எஸ். கரிவரதன் பேர்தான் அதுக்கு. இன்னொண்ணு சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக். 2005ல ஃபார்முலா ஒன் ஓட்டின நம்ம நரேன் கார்த்திகேயனும் பிரான்ஸ்ல வின்ஃபீல்ட் ரேஸிங் ஸ்கூல்ல படிச்சவர்தான்.

நாலஞ்சு நாள் கோர்ஸ்னா, முதல் நாள் காலையில பெரும்பாலும் வகுப்பு. அப்புறம் சீட்ல உட்காரவே சொல்லித் தருவாங்க. முதுகு சீட்ல ஒட்டியிருக்க, கையை நீட்டினா மணிக்கட்டு ஸ்டீரிங் உச்சியில படணும். கிளட்சை முழுசா மிதிச்சாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கணும்.

[திரையில்: நேர் ரோட்டுல கார் பிரேக் அடிக்குது, முன்பக்கம் அமுங்குது]

அடுத்தது பிரேக். இங்கதான் நிறைய நேரம் போகும், போகணும். 60 கிலோமீட்டர் வேகத்துல 20 மீட்டர்ல நிக்கிற வண்டி, 120ல போனா நிக்கிறதுக்கு 80 மீட்டர் கேக்கும். வேகம் ரெண்டு மடங்கு, தூரம் நாலு மடங்கு. பிரேக் மிதிச்சதும் எடை முன் டயருக்கு வந்துடும், பின்பக்கம் லேசாயிடும். அந்த நேரத்துல ஸ்டீரிங்கை வெடுக்குன்னு திருப்பினா பின்னாடி வழுக்கிச் சுத்தும். டயரோட பிடிமானம் மாசச் சம்பளம் மாதிரி: முழுசையும் பிரேக்குக்கே கொடுத்துட்டா, திரும்புறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதனாலதான் "தம்பி, நேரா இருக்கும்போதே பிரேக்கை முடி"ன்னு திரும்பத் திரும்பச் சொல்றாங்க. பிரேக்கை மெல்ல மெல்ல விட்டுக்கிட்டே வளைவுக்குள்ள நுழையுற வித்தை அப்புறம்தான் வரும்.

[திரையில்: பெடல், காலுக்குப் பக்கத்துல கேமரா]

இந்தக் காலைப் பாருங்க. வலது பாதத்தோட முன்பகுதி பிரேக்ல அழுந்தியே இருக்கு. கியர் குறைக்கும்போது அதே பாதத்தோட ஓரம் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டுது. எஞ்சின் சுத்து ஏறுது, கிளட்ச் விடும்போது வண்டி குலுங்கல. இதுக்குப் பேர் ஹீல் அண்ட் டோ. ஒரே நாள்ல யாருக்கும் படியாது.

பிறகு ரேஸிங் லைன். வளைவோட வெளி ஓரத்துல ஆரம்பிச்சு, உள் முனையைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு வர்றது. எங்க பிரேக், எங்க திரும்பணும்னு கோன் வெச்சிருப்பாங்க. கண்ணு அடுத்த கோன் மேல இருக்கணும், பானட் மேல இல்ல.

[திரையில்: ஏற்காடு மலைப்பாதை, எதிரே பஸ்]

இதை ஏற்காடு மலைப்பாதையில செய்யலாமான்னு கேக்குறீங்க. கூடவே கூடாது. ரேஸிங் லைனுக்கு ரோட்டோட முழு அகலமும் வேணும். நம்ம 20 கொண்டை ஊசி வளைவுலயும் பாதி ரோடு எதிர்ல வர்றவங்களோடது, பஸ் வந்தா பாதிக்கு மேல. ஏறுற வண்டிக்கு வழி விடணும்ங்கிறது சட்டம். ஞாயித்துக்கிழமை அடிவாரத்துல இருந்து நேரம் வெச்சு ஏறுற பசங்களைப் பார்த்தா வயிறு கலங்குது. ஸ்கூல்ல கத்ததுல மலைக்கு உதவுறது கண்ணும் பிரேக்கும். இறங்கும்போது ரெண்டாவது கியர்ல எஞ்சினை வெச்சே வேகத்தைக் கட்டுங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறி, கருகின வாசம் வரும், அப்புறம் பிடிக்காது.

டிராக் ஓரத்துல காட்டுற கொடிகளையும் பரீட்சை மாதிரி கேப்பாங்க. மஞ்சள்னா ஆபத்து, முந்தக்கூடாது. நீலம்னா பின்னாடி வேகமான கார் வருது. சிவப்புன்னா ஓட்டம் நிறுத்தம்.

நைலான் துணி வேண்டாம், தீயில உருகி உடம்புல ஒட்டும். பருத்தி போடுங்க. பெடல் அழுத்தம் காலுக்குத் தெரியுற மாதிரி மெல்லிசான அடிப்பாகம் உள்ள ஷூ வேணும். பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: ஒரு ஆளுக்கு டிராக்ல எவ்வளவு நேரம் கிடைக்கும்? கார் அடிபட்டா செலவு யாரோடது? பந்தயத்துல இறங்கணும்னா, இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யோட லைசென்ஸ் தனியா எடுக்கணும்.