மேல்தொட்டித் தண்ணீரும் இரண்டு கிராம் நெய்யும்
(பள்ளி அறிவியல் நாள் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, அழைத்ததும் மறுக்காமல் வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, கோயில் காரியக்காரர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் ஆச்சிமார்களே, கண்காட்சிக்காக இரவெல்லாம் அட்டை வெட்டி ஒட்டிய மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பந்தல் போட்டுக் கொடுத்த அண்ணனுக்கும், மைக் செட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்ட தம்பிக்கும் தனியாக ஒரு நன்றி.

அறிவியலாளர் சி.வி. ராமன் 1928-இல் ஒளிச்சிதறல் பற்றிய தம் கண்டுபிடிப்பை அறிவித்த பிப்ரவரி 28-ஐத்தான் அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். இன்று நான் நிலையாற்றல், அதாவது ஒரு பொருளுக்குள் சேர்ந்து கிடக்கும் ஆற்றல், பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். உயரத்தில் இருக்கும் பொருளின் ஆற்றல் ஒன்று. முறுக்கி, வளைத்து வைத்த பொருளின் ஆற்றல் இரண்டு. சாவி கொடுத்த சுவர்க்கடிகாரம் அந்த வகை. சாப்பாட்டுக்குள் அடங்கிய ஆற்றல் மூன்று.

என் அப்பத்தா நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார்கள்: "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு." இயற்பியலுக்கு இதைவிட நல்ல பாலபாடம் கிடையாது. ஒரு கிலோ அரிசியை ஒரு மீட்டர் தூக்கி அலமாரித் தட்டில் வைத்தால் அதில் 9.8 ஜூல் சேர்கிறது. ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு. பை கீழே விழுந்தால் அதே 9.8 ஜூல் வெளிவரும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஐப்பசி மாதம். முகப்பில் நாதஸ்வரம், வளவில் முதல் பந்தி, இரண்டாங்கட்டுக்குப் பின்னால் ஏழு அடுப்பு. இலையில் பால்பணியாரம் விழுகிற நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கை கழுவ எழுந்தார்கள். பெண் வீட்டாருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது! கரண்ட் இல்லாமல் எப்படி வருகிறது என்று ஒரு பொடியன் கேட்டான். காலையிலேயே மோட்டார் அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றி வைத்துவிட்டதடா, ஏறின தண்ணீருக்கு இறங்க கரண்ட் எதற்கு என்றேன்.

ஒரு ஆச்சி நாற்காலி போட்டுக் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கை நீட்டுகிற ஒவ்வொருவரிடமும், சம்பந்தி என்றும் பார்க்காமல், "ஆற்றில் போட்டாலும் அளந்து போடுங்கள்" என்பார்கள். அப்படிக் காவல் இருந்தும் என்ன? கொல்லைப்புறம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் யாரோ குழாயை மூட மறந்திருந்தார்கள். இரண்டாம் பந்தி உட்காரும்போது தொட்டி காலி.

அப்போது கைகொடுத்தது முற்றம். முந்தின இரவு நல்ல மழை. ஓட்டுக்கூரையின் நாலு மூலையிலும் அப்பத்தா காலத்து அண்டாக்களை வைத்திருந்தார்கள். எல்லாம் விளிம்புவரை நிறைந்து நின்றன. ஆளுக்கொரு செம்பு மொண்டு கொடுத்தோம். மூன்றாம் பந்தியும் குறையில்லாமல் முடிந்தது. சமையல் மாஸ்டர் வெளியே வந்து அண்டாவைத் தொட்டுக் கும்பிட்டார்.

சரி, கணக்குக்கு வருவோம். தொட்டியில் 1,000 லிட்டர், உயரம் 8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரின் நிலையாற்றல் 78,400 ஜூல். பெரிதாகத்தான் தெரியும். ஆனால் ஒரு கிராம் நெய்யில் 9 கிலோகலோரி, அதாவது ஏறக்குறைய 37,600 ஜூல். தொட்டித் தண்ணீர் முழுவதையும் தூக்கி வைத்த ஆற்றல் ஏறக்குறைய அப்படியே, மாஸ்டரின் கரண்டியில் ஒட்டியிருக்கும் இரண்டு கிராம் நெய்யில் இருக்கிறது! நம் உடம்பு அதில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் தசை வேலையாக மாற்றும். அப்படியே பார்த்தாலும், 60 கிலோ எடையுள்ள ஒருவர் 50 மீட்டர் உயரம் ஏற மூன்று கிராமுக்குச் சற்று அதிகமான நெய் போதும். மாவுருண்டை சாப்பிட்டுவிட்டுக் குன்றக்குடிப் படி ஏறுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

வேதிப்பொருளில் அடங்கும் ஆற்றலை ஆராய நம் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்ததால் வந்தது. 1953-இல் திறந்தார்கள். பிள்ளைகளே, பேட்டரி பற்றி அங்கே போய்க் கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

எனக்கு இன்று பேச வேண்டியது ஊருணி. 600 அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து 1,000 லிட்டரை மேலே கொண்டுவர, வெறும் கணக்குப்படியே அரை யூனிட் மின்சாரம் ஆகும். மோட்டாரில் வீணாவதும் சேர்ந்தால் இன்னும் கூடும். அதே 1,000 லிட்டர், 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சும்மா கிடைக்கிறது. வெயில் கடலிலிருந்து தூக்கி மேகமாக்கிய தண்ணீர் அது. தூக்கு கூலி நாம் கொடுக்கவில்லை. கூரையிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து தெரு வாய்க்கால், அங்கிருந்து ஊருணி என்று முன்னோர்கள் சரிவு பார்த்துக் கட்டினார்கள். ஒவ்வொரு அடி உயரத்தையும் அளந்து செலவழித்தார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் செய்து காட்டியவர்கள் அவர்கள்.

இன்று நம் ஊருணியின் வரத்துக்கால் என்ன நிலையில் இருக்கிறது? மேற்கே கருவேல முள். நடுவில் சாலையை உயர்த்தியபோது வைத்த குழாய், வாய்க்கால் தரையைவிட ஒரு முழம் மேலே நிற்கிறது. தண்ணீர் மேட்டில் ஏறாது என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மழை பெய்தும் ஊருணி வறண்டு கிடக்கிறது. நாம் லாரித் தண்ணீருக்குக் காசு எண்ணுகிறோம். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களிடம் மேடையிலேயே கேட்கிறேன்: அந்தக் குழாயை இறக்கி வைக்க ஒரு தீர்மானம் போடுங்கள். முள் வெட்டும் வேலையை ஊர் பார்த்துக்கொள்ளும். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஊருணிக் கரைப் பிள்ளையார் கோயில் முன்னால் கூடுவோம். மண்வெட்டி, அரிவாள் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். டிராக்டர் தருகிறவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள். மாணவர்கள் பத்து மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்க வேண்டும். எங்கே எவ்வளவு சரிவு என்று நோட்டில் குறித்துத் தலைமையாசிரியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.