ஆறு கோலும் ஒரு குதிகாலும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி உங்க கையில இருக்கு, நேரா விஷயத்துக்கு வரேன்.

ஆட்டக்காரனோட பெருமையைச் சொல்றது கணக்கேடா, ரசிகன் மனசா? நாங்க மனசு. இப்ப இறங்கிப் போன எதிரணி அம்மா ஒரு குத்து குத்தினாங்க: "கால்பந்துக்காரர் டெனிஸ் லா ஒரே மேட்ச்ல ஆறு கோல் போட்டாராம். ஏட்டைப் புரட்டினா ஒண்ணுகூடக் காணோம். காந்தி கணக்கா?" கைதட்டும் வாங்கிட்டாங்க.

அம்மா, அந்தக் கணக்கு காணாமப் போன கதையை நான் சொல்றேன். 1961 ஜனவரி 28. இங்கிலாந்துல லூட்டன் ஊர்ல, அந்த ஊர் அணியோட எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து ஆட்டம். மழைன்னா அப்படி மழை. மைதானத்துல நாத்தே நடலாம். லா ஆடின மான்செஸ்டர் சிட்டி ரெண்டு கோல் பின்னாடி. லாவுக்கு இருபது வயசு. ஸ்காட்லாந்துல, அபர்டீன்ல, மீன்பிடிக் கப்பல்ல போனவரோட ஏழாவது பிள்ளை. தண்ணி அவருக்குப் புதுசா? போட்டார் ஒண்ணு. ரெண்டு. மூணு... இருங்கய்யா, அதுக்குள்ள தட்டாதீங்க, பாதிதான் ஆச்சு. நாலு. அஞ்சு. ஆறு! ஆறும் ஒரே ஆள். சிட்டி 6, லூட்டன் 2. 69-வது நிமிஷம், நடுவர்... நீங்க இல்லீங்கய்யா, அந்த மைதானத்து நடுவர்... வானத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ஊதிட்டார் விசிலை. ஆட்டம் ரத்து! ஆறு கோலும் நீர்மேல் எழுத்து.

மறுபடி முதல்லேருந்து ஆட்டம். சிட்டி 3-1-னு தோத்துச்சு. அந்த ஒண்ணைப் போட்டது யாரு? அதே லா! ஆக மொத்தம் ஏழு கோல் போட்டுட்டு மூட்டையைக் கட்டினார் மனுஷன்.

ஏட்டுல இல்லைங்கறீங்க. ஏட்டுல இல்லாத கோலைப் பத்தி இத்தனை வருஷம் கழிச்சு இந்த மேடையில பேசினது யாரும்மா? நீங்கதானே!

ஏடு வேணும்னா அதுவும் இருக்கு: பின்னாடி அதே ஊர்ல சிட்டியோட எதிரி அணியான மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 404 ஆட்டம், 237 கோல். 1964-ல ஐரோப்பாவோட சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி'ஓர் விருது, ஸ்காட்லாந்துக்காரர்ல அதை வாங்கினது அவர் ஒருத்தர்தான். எங்க அணியோட நன்கொடை, வச்சுக்குங்க.

மணி கேட்டுச்சுங்கய்யா, ஒரே நிமிஷம்.

1974 ஏப்ரல் 27. யுனைடெட்டோட ஓல்ட் டிராஃபோர்டு. பதினோரு வருஷம் அவரை ராஜான்னு கூப்பிட்ட மைதானம். முந்தின வருஷம் யுனைடெட் காசு வாங்காமலே அவரை வேற அணிக்கு விட்டுடுச்சு, இப்ப உடம்புல சிட்டி சட்டை. யுனைடெட் கீழ் டிவிஷனுக்குச் சரியற நாள். கோலுக்கு முதுகைக் காட்டி நிக்கிறார். பந்து வருது. குதிகாலால ஒரு தட்டு. உள்ளே.

கூட ஆடினவங்க ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறாங்க. அவர் கை மேல போகலை. தோளும் தலையும் தொங்கிப் போச்சு. மாத்து ஆள் வந்ததும் நடந்து வெளியே போயிட்டார். அந்தக் கோல் இல்லாட்டியும் யுனைடெட் இறங்கியிருக்கும், மத்த ஆட்டங்களோட முடிவு அப்படி. ஆனா அதைச் சொல்லி அந்த முகத்தைத் தேத்த முடியுமா?

லீக்ல அவர் போட்ட கடைசி கோல் அது. 2025 ஜனவரியில, 84 வயசுல அவர் போனப்ப, அதே ஓல்ட் டிராஃபோர்டு வாசல்ல அவர் சிலை காலடியில யுனைடெட்காரங்க பூவும் கழுத்துத் துண்டும் கொண்டுவந்து வச்சாங்க. கணக்குப் பார்த்தா வச்சாங்க, அம்மா?

நன்றி, வணக்கம்.